வெளியூர் ஆட்டம் பஸ்ஸில்தான் தொடங்குகிறது: தத்தளிக்கும் ஒரு கால்பந்து அணியின் நேரக் கணக்கு

2025 ஏப்ரலில் இங்கிலாந்துக் கால்பந்தில் வந்த ஒரு செய்தி, அந்த ஊர் விளையாட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பலரைக் குழப்பியிருக்கும். கார்லைல் யுனைடெட் நான்காம் நிலையான லீக் டூவில் 23-வது இடத்துக்கு இறங்கி, ஐந்தாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. 1974 ஆகஸ்டில் நாட்டின் முதல் டிவிஷனில் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டியலின் உச்சியில் இருந்த அணி இது. 2023 மே மாதம்கூட வெம்ப்ளியில் ஸ்டாக்போர்ட்டைப் பெனால்டியில் தோற்கடித்து மேலே ஏறியது. அதற்கு அடுத்த இரண்டு சீசனிலும் அடுத்தடுத்து இறக்கம்.

இப்படி ஓர் அணி சரியும்போது ஒவ்வொரு வெளியூர் தோல்விக்கும் ஒரே விளக்கம்தான் கிடைக்கும்: "போராடும் குணம் இல்லை", "சட்டைக்காக விளையாடுவதில்லை". இந்த விளக்கம் எனக்குத் தவறாகத் தெரிகிறது. கீழ்நிலை லீக்கில் ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு எப்படித் தயாராகிறார்கள் என்று அடியிலிருந்து பார்த்தால், அங்கே பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது நேரம். பணம் அந்த நேரத்தை வாங்கும் வழி, அவ்வளவுதான்.

முதலில் ஏணி

1. இங்கிலாந்தில் உச்சியில் 20 அணிகள் கொண்ட பிரீமியர் லீக். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று டிவிஷன், ஒவ்வொன்றிலும் 24 அணிகள். இந்த 72 அணிகளைச் சேர்த்து ஈஎஃப்எல் என்பார்கள்.

2. அதற்கும் கீழே ஐந்தாம் நிலை, நேஷனல் லீக். இங்கும் 24 அணிகள்.

3. லீக் டூவின் கடைசி இரண்டு அணிகள் கீழே போகும், நேஷனல் லீக்கிலிருந்து இரண்டு அணிகள் மேலே வரும். 2002-03 சீசனிலிருந்து இதுதான் ஏற்பாடு. அதற்கு முன்பு ஒரே ஓர் அணிதான் ஏறி இறங்கியது.

4. 24 அணி என்றால் ஒவ்வொருவரோடும் இரண்டு முறை, ஆக 46 ஆட்டம். அதில் 23 சொந்த மைதானத்தில், 23 வெளியூரில்.

இந்த 23 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் தொடங்கி மே மாதத் தொடக்கம் வரை ஒன்பது மாதத்துக்குள் 23 முறை பஸ் ஏற வேண்டும். கோப்பைப் போட்டிகள் தனி.

சொந்த மைதானம் ஏன் உதவுகிறது?

சொந்த மைதானத்தில் விளையாடும் அணிக்குச் சாதகம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏன் என்று கேட்டால் மூன்று பதில் வரும்: கூட்டம், நடுவர், பயணம். இதில் எது பெரியது என்று பிரித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கொரோனா காலத்தில் கிடைத்தது. 2020-21 பிரீமியர் லீக் சீசனில் பெரும்பாலான ஆட்டங்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்தன. அந்த சீசனில் சொந்த மைதான அணிகள் வென்றது 144 ஆட்டம், வெளியூர் அணிகள் வென்றது 153. அங்கே வெளியூர் வெற்றிகள் கூடுதலாக வந்தது அதுதான் முதல் முறை.

நடுவர்களைப் பற்றி அதற்கு முன்பே ஓர் ஆய்வு இருக்கிறது. 2002-ல் வெளியானது. தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தார்கள், மீதிப் பேர் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. யாரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. ஒரு மோதலைப் பார்த்ததும் சந்தேகம் வருகிறது, அந்த நொடியில் நாலாயிரம் பேர் கத்துகிறார்கள், கை விசிலுக்குப் போவதில்லை. லீக் டூவிலும் நேஷனல் லீக்கிலும் விஏஆர் (வீடியோ பார்த்து முடிவைத் திருத்தும் நடுவர்) கிடையாது என்பதால், அங்கே விட்ட விசில் விட்டதுதான்.

அப்படியானால் பயணம் ஒரு பொருட்டே இல்லையா? காலி மைதானத்திலும் பிரீமியர் லீக் அணிகள் பயணம் செய்யத்தானே செய்தன, சாதகம் மட்டும் ஏன் காணாமல் போனது? நியாயமான கேள்வி. ஆனால் அந்த அணிகள் பயணிக்கும் விதம் வேறு. விமானம் அல்லது படுக்கும் அளவுக்குச் சாயும் இருக்கை, முதல் நாளே நல்ல ஹோட்டல், கூடவே சொந்தச் சமையல்காரர். அவர்கள் பணத்தைக் கொடுத்துப் பயணத்தின் பாதிப்பை அழித்துவிடுகிறார்கள். கீழ்நிலை அணியால் அப்படி அழிக்க முடியாது, அது கால் தசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1983-ல் மாறிய ஒரு விதி

இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஒரு காலத்தில் லீக் ஆட்டத்தின் டிக்கெட் வசூலில் ஒரு பங்கு வந்த அணிக்கும் போகும். விளையாட இரண்டு அணி வேண்டும் அல்லவா, அதனால் வருமானத்திலும் இருவருக்கும் பங்கு. 1983-ல் பெரிய கிளப்புகளின் நெருக்குதலால் இந்த ஏற்பாடு போனது. அன்றிலிருந்து லீக் ஆட்டத்தின் வசூல் முழுவதும் சொந்த மைதானத்துக்காரருக்கே.

பெரிய, சிறிய அணிகள் எல்லாம் மோதும் எஃப்ஏ கோப்பையில் மட்டும் பழைய எண்ணம் இன்னும் உயிரோடு இருக்கிறது: வசூலில் 45 சதவீதம் ஒருவருக்கு, 45 சதவீதம் இன்னொருவருக்கு, மீதி 10 பொது நிதிக்கு. சிறிய கிளப்புகள் கோப்பையில் பெரிய மைதானம் ஒன்றில் ஆட்டம் கிடைக்கக் காத்துக்கிடப்பது இதனால்தான்.

லீக்கில் நிலைமை என்ன? வெளியூர் ஆட்டம் என்றால் வரவு பூஜ்யம், செலவு மட்டும். பஸ், டீசல், ஓட்டுநர், சாப்பாடு, தேவைப்பட்டால் ஹோட்டலில் 25 பேருக்கு அறை. வருடத்துக்கு 23 முறை. கணக்குப் பார்ப்பவர் முதலில் கை வைக்கும் இடம் ஹோட்டல்தான், ஏனென்றால் ஆட்டக்காரரின் சம்பளத்தை ஒப்பந்தம் காக்கிறது, ஹோட்டலைக் காக்க யாரும் இல்லை.

பஸ்ஸின் கணக்கு

கார்லைல் ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய ஊர். இங்கிலாந்து வரைபடத்தின் இடது மேல் மூலை. அங்கிருந்து தென்மேற்கில் உள்ள பிளிமத்துக்குச் சாலை வழியே ஏறக்குறைய 390 மைல், அதாவது 625 கிலோமீட்டரைத் தாண்டும். இரண்டும் ஒரே டிவிஷனில் இருந்த காலங்களில் ஈஎஃப்எல்லின் மிக நீண்ட பயணங்களில் ஒன்று இதுதான். கார்லைல் ஐந்தாம் நிலைக்கு இறங்கிய அதே 2025-ல் கார்ன்வாலிலிருந்து முதல் முறையாக ஓர் அணி அந்த நிலைக்கு ஏறி வந்தது: ட்ரூரோ சிட்டி. பிளிமத்தைத் தாண்டி இன்னும் மேற்கே போக வேண்டும். கார்லைலிலிருந்து 400 மைலுக்கும் மேல், ஒரு வழிக்கு மட்டும்.

இப்போது இதை ஓட்டுநரின் இடத்திலிருந்து பாருங்கள். பிரிட்டனில் பெரிய பஸ் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் இவை:

1. ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம்.

2. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும்.

3. வழக்கமாக ஒரு நாளைக்கு 11 மணி நேர ஓய்வு வேண்டும்.

4. பஸ்ஸில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும், மணிக்கு 62 மைலுக்கு மேல் போகாது.

5. இவை எல்லாவற்றையும் டேக்கோகிராஃப் என்ற கருவி பதிவு செய்கிறது. அதை ஏமாற்றினால் குற்றம்.

400 மைலுக்கு மேல், 62 மைல் வேக வரம்பு, நடுவில் சாலை வேலை, ஓய்வு நிறுத்தம். போக மட்டும் எட்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒரே ஓட்டுநர் போய்த் திரும்புவது சட்டப்படி நடக்காது. ஆகவே இரண்டு ஓட்டுநர் வேண்டும், அல்லது ஓர் இரவு தங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டுமே. கிளப் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இந்தச் செலவிலிருந்து தப்ப முடியாது.

இவ்வளவு நீண்ட பயணம் சீசனில் ஒன்றோ இரண்டோதான் வரும். உண்மையான சிக்கல் நடுத்தரப் பயணத்தில் இருக்கிறது. நான்கு மணி நேரத் தூரம். தங்கலாமா, காலையில் கிளம்பலாமா என்று யோசிக்க வைக்கும் தூரம். இங்கேதான் ஹோட்டலை வெட்டுகிறார்கள். வெட்டினால் என்ன ஆகும் என்று சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்ப்போம்.

மதியம் 2 மணி வாக்கில் நடுவரிடம் அணிப் பட்டியல் போயிருக்க வேண்டும். அதற்கு முன் மைதானத்தில் நடந்து பார்த்து, புல் எப்படி, எந்தப் பக்கம் காற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஆக 1.30-க்கு இறங்கியாக வேண்டும். ஆட்டத்துக்கு மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கு முன் சாப்பாடு: பாஸ்தா அல்லது சாதம், கொஞ்சம் கோழி, எண்ணெய் குறைவாக. அதைவிடத் தாமதமாகச் சாப்பிட்டால் ஓடும்போது வயிற்றில் கல் மாதிரிக் கிடக்கும். ஆகவே 11.30-க்கு ஏதோ ஒரு ஹோட்டலில் மேசை தயாராக இருக்க வேண்டும். நான்கு மணி நேரப் பயணம் என்றால் பஸ் 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்த ஊரிலேயே இருப்பதில்லை. ஒரு வருட ஒப்பந்தத்துக்காக யாரும் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள், பலர் வேறு ஊரிலிருந்து காரில் வருபவர்கள். அவர்கள் எழுந்திருப்பது 5 மணி.

அந்த நான்கு மணி நேரமும் முழங்கால் மடங்கி, இடுப்பு மடங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். தொடையின் பின்பக்கத் தசை சுருங்கியே இருக்கிறது. கால்பந்தில் ஓடும்போது அடிக்கடி கிழிவது அதே தசைதான். நல்ல பிசியோ இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பஸ்ஸை நிறுத்தச் சொல்வார், நெடுஞ்சாலையோர வண்டி நிறுத்துமிடத்தில் இருபது பேர் அழுத்தக் காலுறையோடு காலை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள், லாரிக்காரர்கள் ஜன்னலை இறக்கிப் பார்ப்பார்கள். நிறுத்தினால் அதற்கும் நேரம் போகும், அந்த நேரத்தை ஈடுகட்ட இன்னும் முன்பே கிளம்ப வேண்டும். அந்த நேரம் தூக்கத்திலிருந்துதான் போகிறது.

செவ்வாய் இரவு ஆட்டம் இதைவிட மோசம். 7.45-க்குத் தொடங்கி 9.40 வாக்கில் முடியும். குளித்து, பெட்டிகளை ஏற்றிக் கிளம்ப 10.30 ஆகிவிடும். ஐந்து மணி நேரத் தூரம் என்றால் வீட்டுக்கு வர விடியற்காலை 3.30. புதன்கிழமை பயிற்சி இல்லை, உடம்பைத் தேற்றுவது மட்டும்தான். அடுத்த சனிக்கிழமைக்கு மிஞ்சுவது வியாழனும் வெள்ளியும். வெள்ளியன்று மறுபடியும் பஸ் ஏற வேண்டியிருந்தால் வியாழன் ஒன்றுதான். ஒரு புதிய ஆட்ட முறையைப் பழக்குவதற்கு ஒரே ஒரு காலைப் பொழுது. பகுதிநேர ஆட்டக்காரர்கள் உள்ள ஐந்தாம் நிலை அணியில் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்கும் போக வேண்டும்.

புதிய ஆட்கள், பழகாத கால்கள்

இங்கே கார்லைலைப் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணம் இல்லாமல் வீழ்ந்த கிளப் அல்ல அது. 2023 நவம்பரில் பியாடக் என்ற அமெரிக்கக் குடும்பம் அதை வாங்கியது, மைதானத்திலும் ஆட்டக்காரர்களிலும் செலவு செய்தது. ஆனாலும் 2024-25 சீசனில் பால் சிம்ப்சன், மைக் வில்லியம்சன், மார்க் ஹியூஸ் என்று மூன்று மேலாளர்கள். ஜனவரியில் பல புதிய ஆட்டக்காரர்கள். பணத்தால் ஆளை வாங்கலாம், அந்த ஆட்கள் ஒருவரையொருவர் பழகிக்கொள்ளும் வாரங்களை வாங்க முடியவில்லை.

வெளியூரில் இது ஏன் கூடுதலாக வலிக்கிறது? தடுப்பாட்டம் முழுக்கப் பேச்சிலும் பழக்கத்திலும் நிற்கிறது. நடுத் தடுப்பாளர் முன்னே வந்தால் பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு உள்ளே வருவார் என்பது யோசித்துச் செய்வதல்ல, ஐம்பது முறை சேர்ந்து செய்து வருவது. சொந்த மைதானத்தில் கொஞ்சம் பிசகினாலும் கத்திச் சொல்லலாம். எதிரணிக் கூட்டத்தின் இரைச்சலில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் குரல் கேட்காது. பழகிய அணிக்குக் குரல் தேவையில்லை. பழகாத அணிக்கு அப்போது எதுவுமே இல்லை.

அப்புறம், மைதானமே வேறு

கால்பந்து விதிப்படி ஆடுகளத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரை, அகலம் 45 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம். லீக்குகள் இதைக் கொஞ்சம் இறுக்கி வைத்திருக்கின்றன, ஆனாலும் ஊருக்கு ஊர் மாறும். ஆடுகளம் குறுகலாக இருந்தால் எதிரணியின் நீண்ட த்ரோ-இன் (பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் பந்து) கோல் வாசலுக்கே வந்து விழும், அது ஒரு கார்னருக்குச் சமம். ஆகவே எதிரணியின் வீடியோவைப் பார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அவர்களின் அகலத்தை.

இன்னொரு வேறுபாடு செயற்கைப் புல். நேஷனல் லீக்கில் அதற்கு அனுமதி உண்டு, ஈஎஃப்எல்லில் இல்லை. 2020-ல் ஹாரோகேட் டவுனும் 2021-ல் சட்டன் யுனைடெட்டும் மேலே ஏறியபோது நன்றாக இருந்த செயற்கைத் தளத்தைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டிவந்தது. கீழே இறங்கி வரும் அணிக்கு இது தலைகீழ்ப் பிரச்சினை. அங்கே பந்து சறுக்கிக்கொண்டு வேகமாக வரும், திரும்பும்போது முழங்காலில் வேறு மாதிரிச் சுமை விழும், வேறு ஷூ வேண்டும். ஒரு நாள் பயிற்சியாவது அப்படிப்பட்ட தளத்தில் வைக்க வேண்டும். அந்த ஒரு நாள் எங்கிருந்து வரும் என்பதுதான் மறுபடியும் கேள்வி.

"சொந்த மைதானம்" என்பதன் மதிப்பு அது போன பிறகுதான் சரியாகத் தெரியும். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது கார்லைலின் புரன்டன் பார்க் மைதானம் வெள்ளத்தில் மூழ்கியது. கோல் கம்பங்கள் ஏரியில் நட்டு வைத்தது போல நின்றன. சில வாரங்கள் அவர்கள் பிரெஸ்டன், பிளாக்பர்ன், பிளாக்பூல் மைதானங்களைக் கடன் வாங்கி "சொந்த" ஆட்டங்களை விளையாடினார்கள். பெயருக்குச் சொந்த மைதானம், ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் பஸ்.

ஒரு புள்ளிக்கு எவ்வளவு ஆசைப்படலாம்?

இனி மேலாளரின் மேசைக்கு வருவோம். லீக் டூவில் தப்பிக்க 50 புள்ளி என்பது பொதுவான இலக்கு. வெற்றிக்கு 3, சமனுக்கு 1. தத்தளிக்கும் ஓர் அணி சொந்த மைதானத்தில் 9 வெற்றி, 6 சமன், 8 தோல்வி என்று வைத்துக்கொள்வோம். 33 புள்ளி. மீதி 17 வெளியூரிலிருந்து வர வேண்டும். உதாரணமாக 3 வெற்றி, 8 சமன், 12 தோல்வி. வெளியூரில் பாதிக்கு மேல் தோற்றும் தப்பிக்கலாம், ஆனால் அந்த எட்டு சமன் இல்லாமல் தப்பிக்க முடியாது.

அதனால்தான் திட்டம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது: பின்னால் ஐந்து பேர், முதல் இருபது நிமிடம் கோல் விடாமல் காத்து கூட்டத்தை அமைதியாக்கு, கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் நம் வாய்ப்பைத் தேடு. பலவீனமான அணியும் பலமான அணியும் ஏறக்குறைய சமமாக நிற்கும் ஒரே தருணம் பந்து அசையாமல் இருக்கும் தருணம்தான், அதைப் பழக அதிக ஓட்டமும் தேவையில்லை. பயிற்சிக்கு ஒரே ஒரு காலை கிடைத்தால் அதைக் கார்னருக்குக் கொடுப்பதே சரி என்று நினைக்கிறேன்.

கடினமான முடிவு எழுபதாவது நிமிடத்தில் வரும். ஆட்டம் 1-1. முன்னேறுவதா, அடைத்துக்கொள்வதா? இதை வெறும் துணிச்சல் கேள்வியாகப் பார்க்க வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம்.

1. கையில் இருப்பது 1 புள்ளி. ஒரு கோல் போட்டால் 3 ஆகும், லாபம் 2. ஒரு கோல் வாங்கினால் 0 ஆகும், நஷ்டம் 1.

2. ஆகவே கோல் வாங்கும் வாய்ப்பு, போடும் வாய்ப்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாத வரை முன்னேறுவது லாபம்.

3. 1981-க்கு முன்பு இங்கிலாந்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான். அப்போது லாபமும் நஷ்டமும் சமம். அந்தக் காலத்தில் அடைத்துக்கொண்டு சமன் செய்தது சரியான கணக்கு.

4. ஆனால் எதிரணி நம்மோடு சேர்ந்து அடியில் தத்தளிக்கும் அணியாக இருந்தால் கணக்கு மாறுகிறது. நாம் கோல் போட்டால் நமக்கு 2 கூடும், அவர்களுக்கு 1 குறையும், இடைவெளி 3 புள்ளி நம் பக்கம். நாம் வாங்கினால் அதே 3 அவர்கள் பக்கம். பழையபடி லாபமும் நஷ்டமும் சமமாகிவிடுகின்றன.

இதிலிருந்து வருவது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். பட்டியலில் மேலே இருக்கும் அணியின் மைதானத்தில் கடைசி இருபது நிமிடம் துணிந்து போக வேண்டும், சக அணியின் மைதானத்தில் நிதானம் காட்டினால் தப்பில்லை. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு: பெரிய அணியிடம் ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று சுருங்கிவிடுகிறார்கள், சக அணியிடம் "இதை விட்டால் வேறு எங்கே" என்று பாய்ந்து கோல் வாங்குகிறார்கள். எழுபது நிமிடம் ஓடிய கால்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் இதில் சேர்க்க வேண்டும். காலை 5 மணிக்கு எழுந்த கால்கள் என்றால் கோல் வாங்கும் வாய்ப்பு இரண்டு மடங்கை எளிதில் தாண்டிவிடும். ஹோட்டல் அறையை வெட்டியவர் தன்னை அறியாமலே மேலாளரின் எழுபதாவது நிமிட முடிவையும் எடுத்துவிட்டார்.

தப்பிக்காவிட்டால்?

கீழே போவது எளிது, திரும்பி வருவது அரிது. நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்தவர் நேராக ஏறுவார். இரண்டு முதல் ஏழாம் இடம் வரை உள்ள ஆறு அணிகள் ப்ளே-ஆஃபில் மோதி ஒருவர் ஏறுவார். 2022-23 சீசனில் நாட்ஸ் கவுன்ட்டி 107 புள்ளி எடுத்தும் இரண்டாம் இடம்தான், ஏனென்றால் ரெக்ஸம் 111 எடுத்திருந்தது. கடைசியில் ப்ளே-ஆஃப் வழியாகத்தான் ஏறினார்கள். அந்த ரெக்ஸமும் அதற்கு முன் 15 வருடம் அங்கேயே கிடந்தது. பிரீமியர் லீக்கில் விளையாடிய ஓல்டம் 2022-ல் இறங்கி 2025-ல்தான் மீண்டது. இரண்டு இடம் போதாது, மூன்று வேண்டும் என்று நேஷனல் லீக் கிளப்புகள் 2025-ல் பிரசாரமே தொடங்கின. அந்தக் கோரிக்கை நியாயமானது. மற்ற டிவிஷன்களுக்கு இடையில் மூன்று, நான்கு இடம் இருக்கும்போது இங்கே மட்டும் கதவைப் பாதி சாத்தி வைக்கக் காரணம் இல்லை.

கீழே வருமானமும் சுருங்கும். கார்லைலோடு சேர்ந்து 2025-ல் இறங்கிய மோர்கேம்ப் கிளப்பில் சம்பளமே வரவில்லை. ஜூலையில் நேஷனல் லீக் அதை இடைநீக்கம் செய்தது, சீசனின் முதல் ஆட்டங்கள் தள்ளிப்போயின, கிளப் அழிந்துவிடும் என்றே ஊர் நம்பியது. ஆகஸ்ட் நடுவில் பஞ்சாப் வாரியர்ஸ் என்ற குழு வாங்கியது. அஷ்வீர் சிங் ஜோஹல் மேலாளரானார், வயது 30. கையில் ஆட்டக்காரர்களே போதாத நிலையில் சில நாட்களில் ஓர் அணியைச் சேர்த்து, ஆகஸ்ட் 23 அன்று ஆல்ட்ரிங்கத்தை 2-1 என்று வென்றார்கள். அது சொந்த மைதானத்தில் நடந்தது. பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை.

கார்லைலின் மிகப் பெரிய தப்பித்தலும் சொந்த மைதானத்தில்தான் நடந்தது. 1999 மே 8. கடைசி ஆட்டம், வென்றாக வேண்டும், 1-1. அவசரத்துக்கு ஸ்விண்டன் அணியிடமிருந்து இரவலாக வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ், 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தில் கார்னருக்கு முன்னேறிப் போய், எதிரணி கோல்கீப்பர் தடுத்து வந்த பந்தை உள்ளே அடித்தார். கார்லைல் லீக்கில் தங்கியது, ஸ்கார்பரோ இறங்கியது. அந்தக் கோலைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. எதிரே நின்ற அணி எது என்பதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: பிளிமத். தங்களுக்கு ஏறவோ இறங்கவோ எதுவும் மிச்சமில்லாத ஒரு கடைசி ஆட்டத்துக்காக 390 மைல் வந்தவர்கள். விசில் ஊதியதும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பிளிமத் ஆட்டக்காரர்களுக்கு அதற்குப் பிறகு மிச்சமிருந்தது ஈரச் சட்டைகளைப் பெட்டியில் போட்டு ஏற்றுவதும், இன்னும் 390 மைலும்.